கோல்கியின் கறுப்பு வினை: ஒரே சாயம், எதிரெதிர் முடிவுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

சாயமேற்றிய ஸ்லைடைப் பார்த்து "இதுதான் செல்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நாம் பார்ப்பது அந்தச் சாயம் பிடித்துக்கொண்ட பகுதியை மட்டுமே. சாயம் பிடிக்காத பகுதியும் அதே ஸ்லைடில்தான் இருக்கிறது. கண்ணுக்கு அது வெறும் வெளிச்சம். இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோல்கி–கஹால் விவகாரத்தைவிடத் தெளிவான நிகழ்வை நான் அறிந்ததில்லை. இத்தாலியரான கமில்லோ கோல்கி 1873இல் "கறுப்பு வினை" எனப்படும் ஒரு வெள்ளிச் சாயமேற்ற முறையைக் கண்டறிந்தார். அதை அவரும் பயன்படுத்தினார், ஸ்பெயின் நாட்டவரான சாண்டியாகோ ரமோன் இ கஹாலும் பயன்படுத்தினார். மூளையின் நரம்பிழைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வலையாகக் கிடக்கின்றன என்றார் கோல்கி. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி என்றார் கஹால். 1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். டிசம்பர் 11ஆம் தேதி கோல்கி ஆற்றிய உரை, அடுத்த நாள் பேசவிருந்த கஹாலின் கொள்கையை மறுப்பதாகவே அமைந்தது.

ஒரே சாயம் இரண்டு முடிவுகளுக்கு எப்படி இடம் கொடுத்தது? எது சரி என்பது எதனால் தீர்ந்தது? இந்த இரண்டு கேள்விகளையும்தான் இங்கே ஆராய்கிறேன்.

சாயம் இல்லாத செல்

செல்லின் பெரும்பகுதி தண்ணீர். நான்கைந்து மைக்ரோமீட்டர் தடிமனில் சீவிய திசுவின் ஊடாக ஒளி போகும்போது அது உறிஞ்சப்படுவதே இல்லை எனலாம். உட்கருவுக்கும் அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்துக்கும் ஒளிவிலகல் எண்ணில் சிறு வேறுபாடு உண்டு. அது ஒளியலையைச் சற்றே தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தை நம் கண் உணராது. நிறத்தையும் ஒளிச்செறிவையும் மட்டுமே கண் அறியும். ஆகவே உருப்பெருக்கத்தை எவ்வளவு கூட்டினாலும், மங்கலான கோடுகளும் சாம்பல் நிழல்களும் பெரிதாகுமே தவிர உள்ளுறுப்புகள் துலங்காது. சாயம் செய்யும் வேலை இதுதான்: கண் அறியாத வேதியியல் வேறுபாட்டைக் கண் அறியும் நிற வேறுபாடாக்குவது.

இந்த எண்ணம் பழையது. நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடியான லீவன்ஹூக் 1714இலேயே தசை இழைகளைக் குங்குமப்பூவின் சாறால் நிறமேற்றிப் பார்த்தார். ஆனால் அது முறையான நுட்பமாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். 1858இல் ஜெர்மனியின் யோசெப் கெர்லாக், கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மைன் சாயத்தை மிகவும் நீர்த்து, மூளைச் சீவலை அதில் வெகுநேரம் ஊறவிட்டார். அடர்ந்த கரைசலில் எல்லாமே ஒரே சிவப்பாகிவிடும். நீர்த்த கரைசலிலோ நரம்புச் செல்களும் அவற்றின் உட்கருக்களும் மட்டும் தனித்துத் தெரிந்தன. 1856இல் வில்லியம் பெர்கின் முதல் அனிலின் சாயத்தை உருவாக்கிய பிறகு துணிக்காகத் தயாரான புதுப்புது நிறங்கள் ஆய்வுக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தன.

இந்தச் சாயங்கள் எதைப் பிடிக்கின்றன என்பதில் ஒரு எளிய ஒழுங்கு உண்டு. உட்கருவில் உள்ள டி.என்.ஏ.யின் பாஸ்பேட் பகுதிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்டம் கொண்ட சாயம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இன்றும் நோயியல் ஆய்வகங்களின் அன்றாட முறையாக உள்ள ஹீமடாக்சிலின்–இயோசின் இணை இதற்கு நல்ல சான்று. ஹீமடாக்சிலின் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து கிடைக்கிறது. அது ஆக்சிஜனேற்றமடைந்து ஹீமடீன் ஆக மாறி, படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு இணைந்த பிறகே நேர்மின்னூட்டம் பெற்று உட்கருவை நீல ஊதாவாக்குகிறது. இயோசின் எதிர்மின்னூட்டம் உள்ளது. அது சைட்டோபிளாசப் புரதங்களின் அமினோ தொகுதிகளைப் பற்றி இளஞ்சிவப்பாக்குகிறது. அலுமினியம் இல்லாவிட்டால் ஹீமடீன் உட்கருவில் நிற்காது, கழுவும்போதே போய்விடும். 1884இல் மாணவராக இருந்த ஃபிரான்ஸ் நிஸ்ல் அனிலின் சாயங்களைக் கொண்டு நரம்புச் செல்லின் உடலில் பொட்டுப் பொட்டாகக் காட்டியவை, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் செறிந்த பகுதிகள் என்று பிற்பாடு தெரியவந்தது. அவற்றில் உள்ள ஆர்.என்.ஏ.வுக்கும் அதே பாஸ்பேட், அதே எதிர்மின்னூட்டம்.

இவை அனைத்துக்கும் ஒரு பொதுக் குணம்: தகுந்த வேதிப்பொருள் எந்தச் செல்லில் இருந்தாலும் சாயம் அங்கே பிடிக்கும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இது வரம். மூளைக்கோ இதுவே தடை. எலியின் மூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டருக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆக்சான் (நரம்புச் செல்லிலிருந்து செய்தியை வெளியே கொண்டுபோகும் இழை) அடைந்து கிடக்கிறது. அத்தனையும் நிறமேறினால் தெரிவது ஒரு நிறத் திட்டு. சிலவே நிறமேறினால்தான் ஒன்றையாவது பின்தொடர முடியும். சாயத்திடம் கேட்க வேண்டியது இந்தச் சிக்கனம் என்று யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. அது தற்செயலாக வாய்த்தது.

அபியாதெக்ராசோ, 1873

கோல்கி பாவியாவில் மருத்துவம் படித்தவர். 1872இல் மிலானுக்கு அருகிலுள்ள அபியாதெக்ராசோ ஊரில், தீராத நோயாளிகளுக்கான விடுதியில் தலைமை மருத்துவராகச் சேர்ந்தார். ஆய்வுக்கு அங்கே வசதி எதுவும் இல்லை. சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். 1873 பிப்ரவரியில் நண்பர் நிக்கோலோ மன்ஃப்ரெதிக்கு எழுதிய கடிதத்தில் புதிய வினை கைகூடியதைத் தெரிவித்தார். அதே ஆண்டு அது அச்சிலும் வந்தது.

செய்முறை இது. மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நாள் கணக்காக, குளிர்காலத்தில் வாரக் கணக்காகவும், ஊறவைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். துண்டு ஆரஞ்சுப் பழுப்பாக இறுகும். பின்பு அதை 0.5 முதல் 1 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட வேண்டும். இட்ட கணமே துண்டைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் வீழ்படிவு புகைபோலக் கிளம்பும். அது வெள்ளி குரோமேட். புகைச்சல் அடங்கும்வரை பழைய வெள்ளிக் கரைசலால் அலசி, புதிய கரைசலில் இருட்டில் வைத்துவிட வேண்டும். வெளியில் நடந்த அதே வினை துண்டின் உள்ளே ஒரு சில செல்களுக்குள் மட்டும் நடக்கிறது. அந்தச் செல்களுக்குள் வெள்ளி குரோமேட்டின் நுண்படிகங்கள் வளர்ந்து செல் உடல், கிளைகள், மிக மெல்லிய நுனிகள் என எல்லாவற்றையும் உள்ளிருந்து நிரப்பிவிடுகின்றன.

இங்கே நிறமேறியது உட்கருவோ புரதமோ அன்று. செல்லின் முழு உருவம் வார்ப்பெடுத்ததுபோல் கறுப்பாகிறது. சீவலும் மெல்லியதாக இருக்கக் கூடாது. 5 மைக்ரோமீட்டரில் வெட்டினால் கிளைகள் எல்லாம் துண்டுபட்டுப்போகும். 60, 80, 100 மைக்ரோமீட்டர் என்று தடிமனாக வெட்ட வேண்டும். மேல்மூடி கண்ணாடி இட்டால் காலப்போக்கில் படிவு சிதைந்துவிடும் என்பதால் பிசின் பூசி அப்படியே உலரவிட்டார்கள். நுண்ணோக்கியில் தெரிவது: தெளிந்த மஞ்சள் பின்னணி, அதில் மையால் கீறியதுபோல ஒரு செல், சற்றுத் தள்ளி இன்னொன்று. குவியத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் ஒரு கிளை மறைந்து இன்னொரு கிளை வரும். நிறமேறுபவை மொத்தச் செல்களில் சுமார் 1 முதல் 5 விழுக்காடு. எந்தச் செல் கறுக்கும் என்பதை இன்றுவரை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

கோல்கி கண்டதும் ஊகித்ததும்

கோல்கியைத் தோற்றவராக மட்டும் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு முன் கெர்லாக், தங்கக் குளோரைடு முறையை நம்பி, டென்ட்ரைட்டுகள் (செய்தியை வாங்கும் கிளைகள்) ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன என்று சொல்லியிருந்தார். டென்ட்ரைட்டுகள் தனியே முடிகின்றன என்று காட்டி அதை மறுத்தவரே கோல்கிதான். ஆக்சானிலிருந்து பக்கக் கிளைகள் பிரிவதைக் கண்டவரும் அவரே. நீண்ட ஆக்சான் உள்ளவை, குட்டை ஆக்சான் உள்ளவை என்று அவர் நரம்புச் செல்களை வகைப்படுத்தியது இன்றும் பயன்படுகிறது.

சிக்கல் ஆக்சானின் முடிவில் இருந்தது. வளர்ந்த விலங்கின் மூளையில் பல ஆக்சான்களைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருக்கும். வெள்ளி வினை அந்த உறைக்குள் நுழைவதில்லை. ஆக்சான் செல்லிலிருந்து கிளம்பும் இடத்தில் கன்னங்கரேலென்று தெரியும். உறை தொடங்கும் இடத்தில் மறைந்துவிடும். கோல்கி பார்த்தது, கிளைத்துக் கிளைத்து மெலிந்து, மற்ற இழைகளின் நெரிசலுக்குள் காணாமற்போகும் ஆக்சான்களைத்தான். காணாமற்போன இடத்துக்கு அப்பால் அவை ஒன்றோடொன்று கலந்து பரந்த நரம்பு வலையாகின்றன என்று அவர் முடிவுகட்டினார். மூளை முழுமையாக இயங்கும் ஒன்று, பகுதி பகுதியாகப் பிரிக்கக் கூடாதது என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது; அந்த நம்பிக்கைக்கு வலை பொருந்தியது. சாயம் மௌனமான இடத்தில் கொள்கை பேசிவிட்டது.

கஹால் மாற்றியது எது

1887இல் கஹால் மாட்ரிட்டில் மனநல மருத்துவர் லூயிஸ் சிமார்ரோவிடம் கோல்கி முறையில் செய்த ஸ்லைடுகளை முதன்முதலாகப் பார்த்தார். முறை வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தும், அதன் நிலையற்ற தன்மைக்கு அஞ்சிப் பலர் அதைத் தொடவில்லை. பார்சிலோனாவுக்கு மாறிய கஹால் அதிலேயே மூழ்கினார். 1888 மே மாதம் தாமே தொடங்கிய திசுவியல் இதழில் பறவைகளின் சிறுமூளை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்.

அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. முதலாவது, ஆஸ்மியம் கலந்த டைகுரோமேட்டிலும் வெள்ளியிலும் ஊறிய துண்டை மறுபடியும் அதே இரண்டு கரைசல்களிலும் ஊறவைத்தார். இந்த இரட்டைச் சாயமேற்றத்தால் வினை தவறும் வாய்ப்புக் குறைந்தது. இரண்டாவது மாற்றம் சாயத்தைத் தொடவே இல்லை. அதைத்தான் நான் இந்த நிகழ்வின் திருப்பமாகக் கருதுகிறேன். கருவிலிருக்கும் குஞ்சுகளையும் பிறந்து சில நாளே ஆன விலங்குகளையும் எடுத்துக்கொண்டார். அவற்றில் ஆக்சானைச் சுற்றி மயலின் இன்னும் படிந்திருக்காது, தூரங்களும் சிறியவை. முதிர்ந்த காட்டுக்குள் வழி தெரியாவிட்டால் நாற்றங்காலைப் பார்க்கலாமே என்பதுதான் அவருடைய தர்க்கம். சாயத்தின் குறையைச் சாயத்தால் சரிசெய்ய முயன்றவர்கள் பலர். சாயத்துக்கு ஏற்ற திசுவைத் தேடிப்போனது அவருடைய கூர்மை.

இப்போது ஆக்சான் மறையவில்லை. சிறுமூளையில் கூடைச் செல்களின் ஆக்சான் கிளைகள் இறங்கிவந்து, புர்கின்ஜி செல் என்னும் பெரிய நரம்புச் செல்லின் உடலைச் சுற்றிப் பின்னி, அங்கேயே முடிந்தன. அந்தச் செல்லுக்குள் அவை நுழையவில்லை. 1889இல் பெர்லினில் ஜெர்மானிய உடற்கூற்றியல் சங்கத்தின் கூட்டத்துக்குத் தம் ஸ்லைடுகளோடு போனார். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் விளக்கி, ஒவ்வொருவரையும் நுண்ணோக்கி அருகே அழைத்துக் காட்டினார். அன்றைய திசுவியலின் மூத்த அறிஞரான ஆல்பர்ட் கோலிக்கர் பார்த்தார், ஏற்றார். 1891இல் வில்ஹெல்ம் வால்டையர் இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பெயரிட்டார்.

முடிந்தது இழையா, சாயமா?

கஹாலின் வாதத்தில் வெளிப்படையான ஓட்டை ஒன்று உண்டு. அதை நேராக எதிர்கொள்ளாமல் இந்த நிகழ்வை மதிப்பிட முடியாது. வெள்ளி வினை சில சமயம் பாதியிலேயே நின்றுவிடும். இழை தொடர்ந்துகொண்டிருக்கும், கறுப்பு மட்டும் முடிந்திருக்கும். அப்படியானால் கஹால் கண்ட "தனித்த முடிவுகள்" எல்லாம் சாயத்தின் முடிவுகளாக இருக்கக் கூடாதா? கோல்கி தரப்பு இப்படிக் கேட்பதில் நியாயம் இருந்தது.

இதற்கு விடை ஒரு ஸ்லைடில் கிடைக்காது. சாயம் தற்செயலாக நின்றால், நிற்கும் இடமும் தற்செயலாகவே இருக்கும்: ஒரு ஸ்லைடில் பாதி வழியில், மற்றொன்றில் கிளை பிரியும் இடத்தில். கஹாலின் ஸ்லைடுகளில் கூடை எப்போதும் கூடையாகவே இருந்தது. கோழியிலும் புறாவிலும் பாலூட்டிகளிலும், அதே வகைச் செல்லின் ஆக்சான் அதே இடத்தில், அதே வடிவில் முடிந்தது. தற்செயலுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. சாயத்தைச் சாராத சான்றுகளும் இருந்தன. வில்ஹெல்ம் ஹிஸ் கருவளர்ச்சியைப் பார்த்து, நரம்பிழைகள் தனித்தனிச் செல்களிலிருந்து நீண்டு வளர்கின்றன என்று 1886இல் வாதிட்டிருந்தார். அகஸ்ட் ஃபோரெல் 1887இல், ஒரு நரம்பை வெட்டினால் அதற்குரிய செல்களே சிதைகின்றன, சிதைவு வலை முழுவதும் பரவுவதில்லை என்பதிலிருந்து அதே முடிவுக்கு வந்திருந்தார்.

இன்னும் நுட்பமான சோதனை டென்ட்ரைட் முட்களில் நடந்தது. டென்ட்ரைட்டின் மேற்பரப்பில் ரோஜாத் தண்டில் முள் இருப்பதுபோலச் சிறு நீட்சிகள் இருப்பதைக் கஹால் 1888இல் குறிப்பிட்டார். வெள்ளி குரோமேட் படிகங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பொய்த்தோற்றம் அது என்று பலர் ஒதுக்கினார்கள். கோல்கி தம் படங்களில் டென்ட்ரைட்டுகளை வழவழப்பாகவே வரைந்தார். கஹால் என்ன செய்தார்? வெள்ளி முறையை மேலும் செம்மைப்படுத்தி வாதாடவில்லை. பால் எர்லிக் நரம்புகளுக்குப் பயன்படுத்திக் காட்டிய மெத்திலீன் நீலத்தை எடுத்தார். அது உயிருள்ள திசுவில் ஏறும் கரிமச் சாயம். வெள்ளியும் குரோமேட்டும் அதில் இல்லை, படிக வளர்ச்சியும் இல்லை. 1896இல் அந்த நீலத்திலும் அதே முட்களைக் காட்டினார். வேதியியலில் உறவே இல்லாத இரண்டு சாயங்கள் ஒரே இடத்தில் ஒரே பொய்யைச் சொல்ல வழியில்லை. சாயமேற்றத்தில் நம்பிக்கை பிறக்கும் முறை இதைவிடத் தெளிவாகச் செயல்பட்ட இடத்தைக் காட்டுவது கடினம்.

ஒளியின் எல்லை

இத்தனைக்கும் பிறகு ஒன்று மிச்சமிருந்தது: இரண்டு நியூரான்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. அதைக் கஹாலும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. கோல்கி தம் வினையை வெளியிட்ட அதே 1873இல், எர்ன்ஸ்ட் அப்பே ஒளி நுண்ணோக்கியின் பகுதிறனுக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டினார். நடைமுறையில் அது சுமார் 200 நானோமீட்டர். நியூரான்களுக்கு இடையிலான சினாப்ஸ் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர், அந்த எல்லையில் பத்தில் ஒன்று. எவ்வளவு சிறந்த சாயமானாலும் இரண்டு கறுப்புகளுக்கு நடுவே அந்தப் பிளவு ஒளியில் தெரியாது. ஆகவே 1906 மேடையில் இருவருமே கண்ணுக்கு எட்டாத ஒன்றைப் பற்றித்தான் பேசினார்கள். கஹாலின் ஊகத்துக்கு ஆயிரக்கணக்கான முடிவுகளின் ஒழுங்கு துணையாக இருந்தது. கோல்கியின் ஊகத்துக்கு இழை மறைந்துபோன இடங்கள் மட்டுமே துணை. சாயம் காட்டாததைச் சான்றாக எடுத்துக்கொண்டதே அவருடைய பிழை என்று நான் மதிப்பிடுகிறேன்.

1950களின் நடுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்தப் பிளவைக் காட்டியது. அதற்கும் புது வகைச் சாயமேற்றம் தேவைப்பட்டது. எலக்ட்ரான்களைச் சிதறடிக்க ஆஸ்மியம் போன்ற கனமான அணுக்கள் வேண்டும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு சவ்வுகளின் கொழுப்பைப் பற்றிக்கொள்வதால் செல்லின் எல்லைக்கோடுகள் கறுப்பாகத் துலங்கின. இரண்டு சவ்வுகள், நடுவே இடைவெளி, வலை இல்லை.

அதே கருவி, அதே ஆண்டுகளில், கோல்கிக்கு வேறொரு நியாயத்தையும் வழங்கியது. 1898இல் அவர் தம் வெள்ளி முறையின் ஒரு மாற்று வடிவத்தைக் கொண்டு, கூகையின் புர்கின்ஜி செல்களுக்குள் உட்கருவைச் சுற்றி ஒரு பின்னலைக் கண்டிருந்தார். இன்று பாடநூல்களில் அவர் பெயர் தாங்கி நிற்கும் உறுப்பு அது. உயிருள்ள செல்லில் அது தெரியவில்லை, சாயத்துக்குச் சாயம் வடிவமும் மாறியது என்பதால் பொய்த்தோற்றம் என்று அரை நூற்றாண்டு காலம் பலர் தள்ளிவைத்தார்கள். முட்களைப் பற்றிக் கஹாலிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி கோல்கியின் பின்னலைப் பார்த்தும் கேட்கப்பட்டது. சவ்வுத் தட்டுகளின் அடுக்காக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது தெரிந்த பிறகே சந்தேகம் ஓய்ந்தது.

இன்றைய நிலை

சில செல்களை மட்டும் நிறமேற்றும் தேவை மாறவில்லை, வழி மாறியிருக்கிறது. ஜெல்லிமீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை 1994இல் வேறு உயிரிகளில் செயல்பட வைத்த பிறகு, சாயத்தைச் செல்லே தயாரித்துக்கொள்கிறது. எந்தச் செல் ஒளிர வேண்டும் என்பதையும் ஆய்வாளர் தீர்மானிக்கலாம். 2007இல் வந்த பிரெயின்போ முறை மூன்று நான்கு ஒளிர்புரதங்களைத் தற்செயல் விகிதத்தில் கலந்து, அடுத்தடுத்த நியூரான்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுக்கிறது. நெரிசலில் ஓர் இழையை இன்னோர் இழையிலிருந்து பிரித்தறிவது எப்படி என்ற பழைய சிக்கலுக்கு இது மறுமுனையிலிருந்து வந்த தீர்வு: கோல்கி முறை பெரும்பான்மையை மறைத்தது, இது எல்லாவற்றையும் காட்டி நிறத்தால் பிரிக்கிறது. முழு நியூரானின் கிளைகளையும் முட்களையும் எண்ண வேண்டிய ஆய்வுகளில் வெள்ளி முறையும் இன்னும் வழக்கில் இருக்கிறது.

வலைக் கொள்கையும் முற்றாக இறந்துவிடவில்லை. 1950களின் இறுதியில் கிரேஃபிஷ் என்னும் நன்னீர் ஓட்டுயிரியில், வேதிப்பொருளின் இடையீடின்றி மின்னோட்டம் ஒரு நரம்புச் செல்லிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகப் பாய்வது கண்டறியப்பட்டது. முதுகெலும்பிகளிலும் இத்தகைய சந்திப்புகள் உண்டு. அங்கே சவ்வுகள் 2 முதல் 4 நானோமீட்டர் வரை நெருங்கி, நுண்ணிய புரதக் குழாய்களால் இணைந்திருக்கின்றன. ஆனாலும் சவ்வுகள் இரண்டுதான். 2023இல் நீமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லியின் இளம் பருவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அடுக்கடுக்காகப் படமெடுத்தவர்கள், அதன் நரம்பு வலையில் நியூரான்கள் சவ்வுத் தடையே இல்லாமல் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டார்கள். கோல்கி சொன்ன வகையான தொடர்ச்சி இயற்கையில் இருக்கத்தான் செய்கிறது. அவர் தேடிய முதுகெலும்பிகளின் மூளையில் பொதுவிதியாக அது இல்லை.